தேரிக் காட்டு நுங்கு

சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆனால் போதும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடும். சொத்து வழக்கு அல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தித்திப்பாக எதைச் சாப்பிடுவது என்பதுதான் வழக்கு. பாயசம் என்றால் வயிறு கனத்து மாலை வரையில் எழுந்திருக்க முடிவதில்லை. கேசரி என்ற சொல்லைக் கேட்டாலே வேர்க்கிறது. என் பெண், பழங்களை நறுக்கி அவற்றின் மேல் கஸ்டர்டு ஊற்ற வேண்டும் என்னும் கட்சியைச் சேர்ந்தவள். பத்து வயதுப் பையன் ஐஸ்கிரீம் கட்சி. சகதர்மிணியோ, அடுப்பு மூட்டாமல் ஆகிற எதுவானாலும் சரி என்று நடுநிலைமை வகிப்பவள். என் தாயார் மட்டும் எந்தக் கட்சியிலும் சேருவதில்லை. கையில் விசிறியை வைத்துக்கொண்டு, "பதநீரிலே நுங்கைப் போட்டு ஓலைப் பட்டையிலே குடிச்சவங்களுக்கு இந்தச் சண்டையெல்லாம் எதுக்கு?" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவாள். பிறகு மறுபடியும் விசிறிக்கொள்ளத் தொடங்குவாள்.

அம்மா பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே, உடன்குடிப் பக்கத்தில். அவள் பிறந்த காலத்தில் அது திருநெல்வேலி ஜில்லா. 1986-ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து அறுபது வருஷமாகிறது. இந்த அறுபது வருஷத்தில் அவள் தன் ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது மேற்சொன்ன வாக்கியம் ஒன்றைத்தான். ஆகையால், செந்திலாண்டவனுக்கு ஒரு பிரார்த்தனை பாக்கியிருக்கிறது என்று அவள் சென்ற கோடையில் சொன்னபோது, பிரார்த்தனையோடு நுங்கும் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டேன். அக்கினி நட்சத்திரத்தில் தெற்கே போகிறவன் புத்திசாலி அல்ல என்று நண்பர்கள் அபிப்பிராயப்பட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயந்தான். ஆனால் நுங்கு அக்கினி நட்சத்திரத்தில்தானே காய்க்கிறது? தைமாதக் குளிரில் நுங்கு கேட்டால் யார் கொடுப்பார்கள்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதை நல்ல கதாசிரியர் ஒருவர் எழுதிய கதையைப் போல அமைந்திருக்கிறது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரையில் ஒரே பசுமை. தாமிரபருணித் தாய் இருபுறமும் நெல்லும் வாழையுமாக வாரி இறைத்திருக்கிறாள். கோடையில்கூட வயல்களைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் இருக்கிறது. நாசரேத்தை நெருங்க நெருங்க வாழை குறைகிறது. பனை தலை நீட்டுகிறது. முதலில் வரப்பு ஓரத்தில் ஒன்று இரண்டாக நின்றவை, குரும்பூரைத் தாண்டுவதற்குள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆற்று நீர் எட்டாத பூமி ஆரம்பமாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஜன்னல் ஓரத்தில் அமர்ந்திருந்த அம்மா அது வரையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். முதல் பனங்கூட்டத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டாள். பெரியவர்கள் யாரோ எதிரே வந்துவிட்டாற்போல் இருந்தது.

திருச்செந்தூரில் பிரார்த்தனையை நிறைவேற்றிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஒரு வாடகை வண்டி பேசிக்கொண்டு தெற்கே புறப்பட்டோம். "ஆறு மணிக்குள்ளே போயிடணும். வெயில் ஏறிட்டால் பதநீருக்கு ருசி கெட்டுப் போகும்" என்று அம்மா இரவே எச்சரிக்கை செய்திருந்தாள்.

அந்தப் பக்கத்துத் தேரியைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தேரி என்பது மணல் மேடு. கடற்கரை மணலைப் போல வெள்ளையாய் இராது. நல்ல குங்குமச் சிவப்பு. மணலின் ஒவ்வொரு துகள் மேலும் இரும்புத் துரு பூசியிருப்பதால் அந்த நிறம் என்று சாஸ்திரக்காரர்கள் சொல்கிறார்கள். காற்று இந்த மணலை அள்ளிக்கொண்டுவந்து மேடு மேடாகக் குவித்திருக்கிறது. குதிரைமொழித் தேரியில் ஏறி நின்று பார்த்தால், பாலைவனத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் நினைவுக்கு வரும். எனினும் இது பாலைவனமல்ல. பெய்த மழையை எல்லாம் மணல் குடித்துக் கீழே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. சில இடங்களில் சுனையாக அது வெளியே வருவதும் உண்டு. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருவதற்குப் பனையைக் காட்டிலும் கெட்டிக்காரர் இல்லை. கிணறும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம். செந்தணலாய்க் கொதிக்கும் மணலுக்கு அடியிலிருந்து உறிஞ்சி, ஐம்பது அடி உயரத்தில் சர்க்கரையும் சேர்த்து, மூன்று கண் உள்ள சிமிழ்களில் அடைத்து வைத்துவிடுகிறது.

"பனை மரம்" என்று சொல்லுவது வழக்கமாயிருந்தாலும் அதைத் தொல்காப்பியர் ஒப்புக்கொள்ள மாட்டார். வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் அவர் பாகுபாடு செய்திருக்கிறார். அந்தக் கணக்கில் பனை ஒரு புல். இன்றைய தாவர சாஸ்திரமும் பனையை நெல், மூங்கில் இவற்றைப்போல் ஒருவித்திலைத் தாவரம் என்றுதான் வகுக்கிறது. என்றாலும் தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-ல் அதை மாநில மரமாக அங்கீகரித்துவிட்டபடியால், நாமும் மரம் என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

வண்டிக்காரர் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் சுமார் இருநூறு பனைகள் நின்றன. நடுவில் பனையோலை வேய்ந்த ஒரு விடிலி. கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்கு அந்தப் பக்கத்தில் விடிலி என்று பெயர். வெளியே ஓர் அம்மாள் அடுப்பில் பனம் பாளைகளைச் சொருகி எரித்துக்கொண்டிருந்தார். பனையேறி அப்போதுதான் ஒரு மரத்திலிருந்து இறங்கி வந்தார். வயது அறுபத்திரண்டு என்று பிறகு தெரிந்தது. உடம்பில் ஓர் இடத்திலாவது வேண்டாத சதை இல்லை. மார்பிலும் முழங்கையின் உட்புறத்திலும் தோல் தடித்துக் காய்ப்பேறியிருந்தது. மரத்தைத் தழுவித் தழுவி நாற்பத்தைந்து வருஷத்தில் உண்டான காய்ப்பு அது.

"தம்பி, நுங்கு கிடைக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"கிடைக்காம என்ன? நீங்க எந்த ஊரும்மா?"

அம்மா தன் ஊரைச் சொன்னாள்; தகப்பனார் பெயரைச் சொன்னாள். அவர் சிறிது யோசித்து, "புளியமரத்து வீடா?" என்றார். அம்மாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! அறுபது வருஷத்துக்குப் பின்பும் அந்த வீட்டைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டுகொள்ள ஒருவர் இருக்கிறார். வீடு இப்போது இல்லை, புளியமரமும் இல்லை.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை மறைப்பதற்கில்லை. அவர் விலை சொன்னார். நான் இருபது ரூபாய் குறைத்துக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், கேட்டுப் பழக்கம். முந்தின நாள் ரயிலடியில் பையனுக்கு வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமுக்குக் காகிதத்தில் அச்சிட்டிருந்த விலையைப் பேசாமல் எண்ணிக் கொடுத்தவன் நான். நுங்குக்கு அச்சிட்ட விலை இல்லையல்லவா? அவர் ஒன்றும் பேசவில்லை. "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுக் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டார். இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டினார். முருக்குத் தடியை அடிமரத்தில் சாய்த்து அதில் கால் வைத்து எழும்பினார். பிறகு கைகளால் மரத்தை அணைத்து, இரு பாதங்களையும் சேர்த்து இழுத்து, ஒரு முழம் ஒரு முழமாக மேலே போனார். பாதி உயரம் போனதும் மரம் காற்றில் ஆடுவது தெரிந்தது. என் பையன் ஐஸ்கிரீம் கட்சியை மறந்து, வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றான். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "இறங்கினப்புறம் சொல்லுங்கள்" என்றாள்.

மேலேயிருந்து அரிவாளின் சத்தம் கேட்டது. கயிற்றில் கட்டிய குலை மெதுவாக இறங்கிவந்தது. போட்டால் அடிபட்டு உள்ளே இருக்கும் நீர் கலங்கிவிடுமாம்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. நுங்கு தருவது பெண் பனை. அந்தப் பக்கத்தில் அதைப் பருவப் பனை என்கிறார்கள். பதநீர் இரண்டிலிருந்தும் இறக்கலாம். ஆனால் பெண் பனையின் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிவிட்டால் அந்தப் பாளையில் நுங்கு கிடையாது. நுங்கு வெட்டிவிட்டால் பழம் கிடையாது. பழம் விழாவிட்டால் கொட்டை கிடையாது. கொட்டை இல்லாவிட்டால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு ஏது? ஒரு பாளையைப் பார்த்து, இது பதநீருக்கு, இது நுங்குக்கு, இது கிழங்குக்கு என்று பனையேறி மேலே உட்கார்ந்தபடியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நாம் கடைத்தெருவில் நாலு ரூபாய் குறைப்பதற்கு எவ்வளவு யோசிக்கிறோமோ அவ்வளவுக்கு அவரும் யோசிக்கிறார். தால விலாசம் என்னும் பழைய நூலொன்று பனையினால் ஆகும் காரியங்கள் 801 என்று கணக்குச் சொல்கிறது. அவர் ஒருவருக்கே இந்தக் கணக்கு முழுவதும் தெரியும் போலத் தோன்றிற்று.

இறங்கி வந்தவர் மூச்சு வாங்குவதற்குக்கூட நிற்காமல் சமையலை ஆரம்பித்தார். ஆம், சமையல்தான். அடுப்பில்லாத சமையல். இளம் பச்சை ஓலை ஒன்றை எடுத்து விரித்து, இரண்டு பக்கமும் மடித்து, நுனியை ஓர் ஈர்க்கினால் கட்டினார். தோணி போல ஒரு பாத்திரம் தயாராகிவிட்டது. இதுதான் பட்டை. நுங்குக் காயின் தலையை அரிவாளால் ஒரே வீச்சில் சீவினார். மூன்று கண்கள் பளிச்சென்று வெளியே பார்த்தன. கட்டை விரலை ஓரத்தில் விட்டு நெம்பி, சுளை உடையாமல் வெளியே எடுத்தார். மேலே தந்த நிறத்தில் மெல்லிய தோல்; அதற்குள் கண்ணாடி போன்ற சதை; சதைக்குள் ஒரு மடக்கு இனிப்பு நீர். தோலைத் துவர்க்கிறது என்று நாங்கள் உரிக்கப் போனபோது, "தோலோட தின்னுங்க, வயித்துக்கு நல்லது" என்றார். அம்மா உரித்த தோலை வீணாக்காமல் பேரனின் கழுத்து வேர்க்குருவில் தேய்த்துவிட்டாள்.

சுளைகளைப் பட்டையில் போட்டு, விரலால் சற்று மசித்து, அதன் மேல் கலயத்திலிருந்து பதநீரை ஊற்றினார். அவ்வளவுதான். ஏலக்காய் இல்லை, குங்குமப்பூ இல்லை, பனிக்கட்டி இல்லை. இருந்தும் குளிர்ந்திருந்தது, இரவெல்லாம் மரத்தின் உச்சியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த கலயம் அல்லவா? பட்டையின் ஒரு முனையில் வாயை வைத்துச் சாய்த்தால் முதலில் பச்சை ஓலையின் மணம். பிறகு பதநீரின் இனிப்பு. அதன் அடியில் லேசாகச் சுண்ணாம்பின் காரம். கடைசியில் வழுக்கிக்கொண்டு நுங்கு. பாயசம் சாப்பிட்டால் நாக்கு 'போதும்' என்று சொல்லும். இதைச் சாப்பிட்டபின் வயிறு 'இன்னும் இடமிருக்கிறது' என்று சொல்லுகிறது. கஸ்டர்டு கட்சியின் தலைவி மூன்று பட்டை குடித்தாள். அம்மா ஒரு பட்டையைக் கால் மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

சுண்ணாம்பின் காரம் என்றேன். பதநீருக்கும் கள்ளுக்கும் இருக்கிற வித்தியாசம் அந்தச் சுண்ணாம்புதான். பாளையிலிருந்து சொட்டும் நீர் ஒன்றே. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். ராஜாஜி மந்திரி சபை 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி எழுந்தது. சுண்ணாம்புதான் அதற்குப் பதில் என்று பலரும் சொன்னார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1934-ல், மகாத்மா காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பனைவெல்லத்தைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அந்தச் சங்கத்தை நடத்திய ஜே. ஸி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த தமிழர். நல்ல நிலத்தைக் கரும்புக்கு ஒதுக்குவதைவிட, யாரும் உழாத மணலில் தானாக நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுக்கலாமே என்பது அந்த இயக்கத்தினரின் வாதம். தேரியில் நின்றுகொண்டு பார்க்கும்போது அந்த வாதத்தை மறுப்பது கஷ்டமாயிருக்கிறது.

ஆனால் மரம் தானாக நிற்குமே தவிர, பதநீர் தானாக இறங்குவதில்லை. சீசனில் தினம் முப்பது மரம் ஏறி இறங்குவதாக அவர் சொன்னார். காலையில் ஒரு தரம், பாளை சீவ மாலையில் ஒரு தரம். எட்டுப் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. பங்குனியிலிருந்து ஆடி வரையில் வேலை. பிறகு கிடைத்த கூலிக்குப் போக வேண்டும்.

"உங்கள் பையன் ஏறுகிறாரா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். நான்தான் போகச் சொன்னேன். என் கூட ஏறுன ரெண்டு பேரு விழுந்துட்டாங்க. ஒருத்தரு போய்ச் சேர்ந்துட்டாரு. ஒருத்தரு படுக்கையில கெடக்காரு."

பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினார். வேலிக்கு அப்பால் வரிசையாகப் பனையின் அடிக்கட்டைகள் தெரிந்தன. ஏற ஆள் இல்லை என்று உடையவர்கள் விற்றுவிட்டார்களாம். மரமெல்லாம் செங்கல் சூளைக்குப் போயிற்று. 2021-ஆம் ஆண்டில் தமிழக வேளாண்மை வரவு செலவுத் திட்டத்திலேயே, மாவட்ட ஆட்சித் தலைவரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். வெட்டாமல் இருக்கச் சட்டம் போடலாம். ஏறுவதற்குச் சட்டம் போட முடியாதே!

விடிலிக்குப் பின்னால் புதிதாக மணல் அணைத்த குழிகள் நாற்பது ஐம்பது இருந்தன. போன ஆவணியில் கொட்டை புதைத்ததாகச் சொன்னார். பனை பாளை விடுவதற்குப் பதினைந்து வருஷமாவது ஆகும். பாளை விட்ட பிறகுதான் அது ஆணா, நுங்கு காய்க்கும் பெண்ணா என்பதே தெரியும். அவருடைய வயதைக் கூட்டிப் பார்த்தேன். நான் கூட்டுவதை அவர் கவனித்துவிட்டார் போலிருக்கிறது.

"ஏறுதவன் வந்தா ஏறட்டும் ஐயா. வரலைன்னா பழமா விழும்; ஆடு தின்னும்" என்று சொல்லிச் சிரித்தார்.

புறப்படும்போது அவர் முதலில் சொன்ன விலையையே கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அதிகமாயிருந்த இருபது ரூபாயை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, மடியில் வைத்துக்கொண்டு, நாலு காயைத் தேர்ந்தெடுத்துப் பையனிடம் கொடுத்தார். "காயோட கொண்டு போங்க. ரெண்டு நாள் தாங்கும். சுளையைத் தோண்டிட்டா ராத்திரிக்குள்ளே தின்னுறணும். பதநீரைக் கொண்டு போகாதீங்க" என்றார்.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன புத்திமதியை நாங்கள் கேட்டிருக்க வேண்டும். காய் கனக்கிறது என்று என் சகதர்மிணி அபிப்பிராயப்பட்டாள். திருச்செந்தூர் விடுதியில் உட்கார்ந்து எல்லாச் சுளைகளையும் தோண்டி எவர்சில்வர் தூக்கில் போட்டோம். பதநீரை ஒரு பாட்டிலில் நிரப்பி இறுக மூடினோம். அன்று மாலை ரயில் ஏறினோம். மதுரையைத் தாண்டி எல்லோரும் அயர்ந்து தூங்கும் சமயத்தில், என் தலைமாட்டில் பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், பாட்டிலின் மூடி எங்கோ போய்விட்டது; நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது; வண்டி முழுவதும் கள்ளின் வாசனை! தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை இருந்து வருகிறது. எதிர்ப் பலகையில் படுத்திருந்த பெரியவர் கண் விழித்து என்னைப் பார்த்தார். என் நெற்றியில் இருந்த திருச்செந்தூர் விபூதியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் சுண்ணாம்பைப் பற்றி அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். தூக்கிலிருந்த நுங்கோ, சென்னை வந்து சேர்ந்தபோது நீர்விட்டு, புளித்து, கொட்டுவதற்கே தகுந்ததாயிருந்தது. பையனுக்குக் கொடுத்த நாலு காய் மட்டும் பிழைத்தது. அவன் அவற்றைத் தன் பையில் வைத்து யாரையும் தொடவிடவில்லை.

பனங்காட்டில் குடித்தது பட்டணத்தில் கிடைக்காது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு அடுத்தபடியானதைச் செய்து பார்க்கலாம் என்று அம்மா தீர்மானித்தாள். நல்ல வேளையாகச் சென்னைக்கும் கோடையில் சுற்றுப்புறத்துப் பனங்காடுகளிலிருந்து நுங்கு வருகிறது. தெரு முனையில் தள்ளுவண்டி நிற்கும். எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்ட முறையைச் சொல்கிறேன். ஆறு பேருக்குப் போதும்.

இளம் நுங்குச் சுளை பதினெட்டு. கண் எதிரே சீவிக் கொடுப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழைய வேண்டும். கெட்டியாயிருந்தால் முற்றியது, அதை வாங்குவதில் பிரயோஜனமில்லை. பனங்கற்கண்டு அறுபது கிராமை ஒரு தம்ளர் வெந்நீரில் போட்டுக் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆற விடுங்கள். பனங்கற்கண்டில் தூசி இருக்கும். ஆகையால் வடிகட்டாமல் இருக்கக் கூடாது. ஏலக்காய் இரண்டைத் தட்டிப் போடலாம்; அதற்கு மேல் போட்டால் நுங்கின் மெல்லிய வாசனை செத்துப் போகும். சுளைகளைத் தோல் உரித்து, உள்ளே இருக்கும் நீர் சிந்தாதபடி பாத்திரத்துக்கு மேலேயே வைத்து நறுக்குங்கள். நாலைந்து சுளைகளைக் கையால் மசித்துவிடுங்கள். அதுதான் மற்றதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறது. வழுக்கை உள்ள இளநீர் இரண்டு வாங்கி, நீரை ஊற்றி, வழுக்கையையும் சிறிதாக நறுக்கிச் சேர்க்க வேண்டும். அதிகம் கனியாத மாம்பழம் ஒன்று, சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக. இது என் பெண் சேர்த்தது. அம்மா முதலில் முகம் சுளித்தாள். சாப்பிட்ட பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் எலுமிச்சம் பழத்தைக் கால் மூடி பிழிந்து, ஒரு கிள்ளு உப்பு. பதநீரில் இருந்த சுண்ணாம்பின் காரத்துக்கு ஈடாக நாக்குக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது.

இதில் பால் ஊற்றுவோர் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பால் சேர்ந்தால் அது பாயசம். பழைய வழக்கு மறுபடியும் ஆரம்பமாகிவிடும். குளிர்ப் பெட்டியில் வைப்பதும் வேண்டாம். நுங்கு விறைத்து ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. புது மண்சட்டியில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி, காற்று வரும் ஜன்னலோரத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சம் வைக்கலாம் என்ற எண்ணமே உதவாது. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்ததும் இல்லை.

போன வாரம் தெரு முனையில் இந்த வருஷத்து முதல் நுங்கு வண்டி வந்தது. என் மனைவி பை எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் விலை சொன்னார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார். என் மனைவி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு, "இதையெல்லாம் யார் ஏறி வெட்டினது?" என்று கேட்டாள். மதுராந்தகத்துப் பக்கம் தன் மாமனார்தான் ஏறுகிறார் என்றார் கடைக்காரர். "வயசு என்ன?" என்றாள். "ஐம்பத்தெட்டு" என்று பதில் வந்தது. பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பையன் இரண்டு காலிக் கோந்தைகளை எடுத்துக்கொண்டு போனான். தேரியில் அண்ணாச்சியின் பேரன் செய்து காட்டியபடி, நடுவில் ஒரு குச்சியைச் சொருகி, கவட்டைக் கழியை மாட்டி, நுங்கு வண்டி செய்துவிட்டான். கூடத்துத் தரையெல்லாம் ஈரச் சக்கரத் தடம். தடத்தைப் பார்த்து என் சகதர்மிணி கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு, வண்டி நேராக ஓட வேண்டுமானால் எந்தப் பக்கத்துச் சக்கரத்தைச் சிறிது சீவ வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.